உபரிக்கும் பொறுப்பு உண்டு: கான்சாபுரம் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய நிதியமைச்சர், இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர், சர்வதேச நாணய நிதியத்தின் நிர்வாகக் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் ஆகிய நான்கு நாடுகளுக்காகவும் அமரும் நிர்வாக இயக்குநர், தென்காசி, விருதுநகர் மக்களவை உறுப்பினர்கள்.

முகவுரை

கான்சாபுரம் பக்கமிருந்து வரும் மனுக்கள் எப்படி இருக்கும் என்று உங்கள் அலுவலகங்களுக்குத் தெரியும். பிளவக்கல் அணையைக் காலத்தில் திறக்கச் சொல்வோம். மலையடிவாரத் தென்னந்தோப்பில் யானை புகுந்ததற்கு நஷ்டஈடு கேட்போம். காட்டுப்பன்றிக்கு ஒரு வழி பண்ணச் சொல்வோம். கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது என்போம். அந்த மனுக்கள் எதையும் நாங்கள் திரும்பப் பெறவில்லை. இது வேறு மனு. உலக நாணய அமைப்பைத் திருத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

சிரிப்பு வரலாம். பக்கத்து ஊரான கூமாபட்டி 2025-இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸால் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டது, இவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைக்கலாம். நினைத்துவிட்டு மேலே படியுங்கள்.

தென்னைக்குக் காய் திரளவும் நெல்லுக்குக் கதிர் முற்றவும் பொட்டாஷ் வேண்டும். நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் அத்தனையும் கப்பலில்தான் வருகிறது. கனடாவிலும் ரஷ்யாவிலும் பெலாரஸிலும் தோண்டி எடுப்பதற்கு விலை டாலரில். ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த மூட்டை 2022 தொடக்கத்தில் 1,700 ரூபாய்க்குப் போனபோது, வத்திராயிருப்பு வட்டாரத்தில் பாதிப் பேர் அந்தப் போகம் பொட்டாஷைத் தொடவில்லை. அதே ஆண்டு பஞ்சு விலை கேண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லிலிருந்து வளர்ந்த ராஜபாளையம் நூற்பாலைகளும், அந்த நூலை நம்பி சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளும் அந்த விலையில் திணறின. நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து 2022 மே மாதம் திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்தது. டாலர் நோட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்களில் குறைவு. டாலரால் விலை மாறாத பொருள் எங்கள் வீடுகளில் அதைவிடக் குறைவு.

2013-ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி, பணம் ஊற்றுவதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று வாஷிங்டனில் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அப்போது டாலர் 55 ரூபாய்ச் சொச்சம். ஆகஸ்ட் முடிவதற்குள் 68-ஐத் தாண்டிவிட்டது. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வயலிலோ தறியிலோ எந்தக் குற்றமும் நடக்கவில்லை.

கெயின்ஸ் சொன்னது, கெயின்ஸ் செய்தது

இந்த நோய்க்கு மருந்து எழுதியவர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராதவர். ஆனால் 1906 முதல் 1908 வரை லண்டனில் இந்தியா அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பணி, பத்து அயர்ஷயர் காளைகளைப் பம்பாய்க்குக் கப்பலேற்றுவது. மாடு வாங்கி அனுப்பிய மனிதர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். 1913-இல் வந்த அவருடைய முதல் புத்தகமே இந்திய நாணயத்தைப் பற்றியதுதான்.

1941-இல் எழுதத் தொடங்கி 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அவருடைய திட்டத்தின் பெயர் சர்வதேசக் கணக்குத் தீர்வு ஒன்றியம். அது எல்லா நாட்டு மத்திய வங்கிகளுக்கும் மேலே ஒரு வங்கி. அதில் கணக்கு எழுத பாங்கோர் என்று ஒரு நாணயம். எந்த ஒரு நாட்டுக்கும் அது சொந்தமில்லை. ஏற்றுமதி செய்தால் கணக்கில் வரவு, இறக்குமதி செய்தால் பற்று. வாணிபத்தின் அளவைப் பார்த்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உச்சவரம்பு. ஒரு நாட்டின் நிலுவை அந்த வரம்பில் கால்பங்கைத் தாண்டினால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று கட்டணம், அரைப்பங்கைத் தாண்டினால் இன்னும் ஒன்று. கடன்பட்ட நாட்டுக்குக் கட்டணம் போடுவதில் புதுமை இல்லை. மிச்சம் வைத்திருக்கும் நாடும் அதே கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்றாரே, அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்.

மிச்சம் பிடித்தவன்மேல் ஏன் அபராதம் என்று கேட்பவர்களைக் கண்மாய்க் கரைக்கு அழைக்கிறோம். எங்கள் பக்கம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கின்றன. மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்கு வரும். மேல் ஆயக்கட்டுக்காரர்கள் கலிங்கில் மணல்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்திவிட்டால் கீழே பயிர் கருகும். அப்போது கீழூர்க்காரனைப் பார்த்து "நீ சிக்கனமாக இருந்திருக்க வேண்டும்" என்று எந்தத் தாசில்தாரும் சொன்னதில்லை. மூட்டையை எடு என்று மேலூருக்குத்தான் உத்தரவு போகும். மூட்டையை எடுக்காமல் விட்டால் மேல் கண்மாயின் கரையே உடையும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். உலக வாணிபத்தில் மட்டும் இந்த நியாயம் தலைகீழாக இருக்கிறது. பற்றாக்குறை நாடு சம்பளத்தைக் குறைக்க வேண்டும், மானியத்தை வெட்ட வேண்டும், நாணய மதிப்பை இறக்க வேண்டும். உபரி நாட்டை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடின. அன்றைக்குப் பெரிய உபரி நாடு அமெரிக்கா. அதன் பிரதிநிதி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டின் திட்டமே வென்றது. உபரிக்குக் கட்டணமும் இல்லை, பாங்கோரும் இல்லை. தட்டுப்பாடான நாணயத்தை வைத்திருக்கும் நாட்டுக்கு எதிராக மற்றவர்கள் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று, அங்கே உருவான சர்வதேச நாணய நிதியத்தின் ஏழாவது உறுப்பில் ஒரு விதி மட்டும் ஆறுதலாகச் சேர்ந்தது. அதை இன்றுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

அந்தக் கூட்டத்தில் இந்தியாவும் இருந்தது. ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் போன குழுவில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோரோடு கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். அவர்கள் கையில் ஒரு நியாயமான கணக்கு இருந்தது. போரின்போது பிரிட்டன் இந்தியாவில் நெல்லும் துணியும் தோலும் இரும்புமாக வாங்கிக் குவித்து, விலையை லண்டனில் ஸ்டெர்லிங்காக எழுதி வைத்தது. அதை ஈடாக வைத்து இங்கே ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது. விலைவாசி ஏறியது. 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 130 கோடி பவுண்டு. அதில் ஒரு பகுதியையாவது நிதியத்தின் வழியாக டாலராக மாற்றிக்கொள்ள இடம் வேண்டும் என்று நம் குழு கேட்டது. அது சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பிரிட்டன் சார்பில் எழுந்து மறுத்தவர் கெயின்ஸ்தான். பிறகு அந்தப் பணம் முடக்கப்பட்டு, தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 30 விழுக்காடு இறக்கியபோது, டாலரில் பார்த்தால் மீதியும் சுருங்கிப்போனது.

ஆகவே நாங்கள் கெயின்ஸின் பக்தர்கள் அல்ல. அவர் 1943-இல் எழுதியதைக் கேட்கிறோம், 1944-இல் செய்ததை ஏற்கவில்லை.

முதல் கோரிக்கை: உபரிக்குக் கட்டணம்

நடப்புக் கணக்கில் ஆண்டுக்கணக்காகப் பெரிய உபரி வைத்திருக்கும் நாடுகளும் சீரமைப்புச் சுமையில் பங்கேற்க வேண்டும் என்று நிதியத்தின் விதிகளில் சேர்க்கக் கோரி இந்தியா முறைப்படி தீர்மானம் கொண்டுவர வேண்டும். 2024-இல் சீனாவின் சரக்கு வாணிப உபரி 99,000 கோடி டாலரை எட்டியது. 2024-25-இல் சீனாவுடன் நமது பற்றாக்குறை மட்டும் 9,900 கோடி டாலருக்கு மேல். ஜெர்மனியும் நீண்டகால உபரி நாடுதான். இந்த உபரி, அந்த நாட்டுத் தொழிலாளிக்குக் கூலியாகவும் ஓய்வூதியமாகவும் மருத்துவமாகவும் போய்ச் சேர்ந்தால் அவர்கள் வாங்குவார்கள், நம் தறியும் ஓடும்.

இதைச் சீனாவுக்கு எதிரான கோரிக்கையாக யாரும் திரிக்க வேண்டாம். பாங்கோர் யோசனையை நம் காலத்தில் மறுபடி எடுத்துப் பேசியவரே சீன மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த சௌ சியாவோசுவான்தான், 2009 மார்ச்சில். அதே ஆண்டு ஐ.நா. அமைத்த ஸ்டிக்லிட்ஸ் குழுவும் டாலரை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாட்டை மாற்றச் சொன்னது. அந்தக் குழுவில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஒய். வி. ரெட்டியும் இருந்தார். நம்மவர் கையெழுத்திட்ட அறிக்கையை நாமே மேசைக்குக் கொண்டுவருவதில் என்ன தயக்கம்?

உபரி நாடு உபரியை வைத்து எதையும் செய்யலாம், பற்றாக்குறை நாடு நகையை அடகு வைக்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கமான கதை. 1931-க்குப் பிறகு விளைச்சலின் விலை விழுந்து, ரூபாயின் மதிப்பை மட்டும் லண்டன் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தபோது, கிராமத்து நகைகள் தங்கப் பாளமாகி ஆண்டுக்கணக்கில் கப்பலேறின. 1938-இல் சென்னை மாகாணம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போடவேண்டிய அளவுக்கு நிலைமை போனது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன், வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகுக்குப் போனது. அந்த ஆண்டுகளில் உபரியில் இருந்த நாடு ஏதாவது ஒன்று ஒரு குண்டுமணியாவது கழற்றியதா?

இரண்டாம் கோரிக்கை: கையில் இருக்கும் ஒன்றியத்தைச் சரி செய்யுங்கள்

பாங்கோர் கனவு என்பவர்களுக்கு ஒரு தகவல். கெயின்ஸின் திட்டத்துக்கு ஒரு சின்னப் பதிப்பு ஆசியாவிலேயே இருக்கிறது, இந்தியா அதன் உறுப்பினர். 1974 டிசம்பரில் உருவான ஆசியக் கணக்குத் தீர்வு ஒன்றியத்தின் தலைமையகம் தெஹ்ரான். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், பாகிஸ்தான், மியான்மர், மாலத்தீவு, ஈரான் ஆகியவை தங்களுக்குள் வாங்கியதையும் விற்றதையும் கழித்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிகர பாக்கியை மட்டும் செலுத்தும் ஏற்பாடு அது.

குறை எங்கே என்றால், நிகர பாக்கியைக் கடைசியில் டாலர் போன்ற வெளி நாணயத்தில்தான் தீர்க்க வேண்டும். வட்டியும் கடன்பட்ட நாட்டுக்கு மட்டும்தான், உபரி நாடு அந்த வட்டியை வாங்கிக்கொள்கிறது. டாலர் இருக்கிறவரைதான் ஒன்றியம். 2010 டிசம்பரில் ஈரான் எண்ணெய்க்கு இந்த வழியில் பணம் செலுத்துவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2022 ஜூலையில் இலங்கையுடனான வாணிபத்தை ஒன்றியத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு நாடு மூழ்கும்போது கைகொடுக்க வேண்டிய ஏற்பாடு, மூழ்கும் அன்றைக்குத்தான் கழன்றுகொள்கிறது.

நாங்கள் கேட்பது: நிகர பாக்கியை இரண்டு மாதத்துக்குப் பதில் குறைந்தது இரண்டு ஆண்டு வரை கணக்கிலேயே சுமந்து செல்லும் உரிமை, ஒன்றியத்துக்குச் சொந்தமான கணக்கு நாணயம், உபரி நாட்டுக்கும் கட்டணம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இலங்கை, நேபாளம், வங்கதேசம் மூன்றோடும் உபரி வைத்திருப்பது இந்தியாதான். அந்தச் சங்கிலியில் மேல் கண்மாய் நாம்தான். உலகத்திடம் கேட்கும் நியாயத்தை நாம் முதலில் கொழும்புக்கும் டாக்காவுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டணம் நம் வரிப்பணத்திலிருந்துதான் போகும். தெரிந்தே கேட்கிறோம்.

2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட ரூபாய் வாணிபக் கணக்குகளை இதற்கு மாற்றாகக் காட்ட வேண்டாம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கினோம், அவர்கள் நம்மிடம் வாங்கியது குறைவு, ரூபாய் தேங்கியது. கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, செலவழிக்க வழியில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் அவர்களுடைய வெளியுறவு அமைச்சரே சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கு இங்கேதான் முட்டும். பல நாடுகள் சேர்ந்தால் அந்த ரூபாயை மூன்றாமவரிடம் செலவு செய்யலாம்.

இது நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 1950 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம் இப்படித்தான் இயங்கியது. அமெரிக்கா 35 கோடி டாலர் முதல் போட்டது. தொடங்கிய சில மாதங்களிலேயே பற்றாக்குறையில் சிக்கி 12 கோடி டாலர் தனிக்கடன் வாங்கிய நாடு மேற்கு ஜெர்மனி. இன்று சிக்கனம் போதிக்கும் ஜெர்மனிக்கு அன்று அவகாசம் கிடைத்தது.

மூன்றாம் கோரிக்கை: சிறப்பு எடுப்பு உரிமையைத் தேவை பார்த்துப் பிரியுங்கள்

நாடுகளின் கையிருப்பில் சேரும்படி 1969-இல் நிதியம் உருவாக்கிய சிறப்பு எடுப்பு உரிமை, பாங்கோரின் தூரத்துச் சொந்தம். 2021 ஆகஸ்ட் 23 அன்று கொரோனாவை முன்னிட்டு 65,000 கோடி டாலர் மதிப்புக்கு அது பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிரித்தது பங்கு வீதத்தில். அதனால் கேட்காத பணக்கார நாடுகளுக்குப் பெரும்பகுதி போய்விட்டது. மிக ஏழை நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து சுமார் 2,100 கோடி. இந்தியாவுக்கு சுமார் 1,790 கோடி. அடுத்த ஆண்டே திவாலான இலங்கைக்குக் கிடைத்தது 78.7 கோடி டாலர். ரேஷன் கார்டில் வசதியானவர்களுக்கு அதிக அரிசி என்று ஒரு விதி போட்டால் எங்கள் ஊரில் கடையைத் திறக்க விடமாட்டோம்.

அடுத்த ஒதுக்கீட்டில் பாதியையாவது பற்றாக்குறை நாடுகளுக்கும் பருவநிலைச் சேதம் கண்ட நாடுகளுக்கும் ஒதுக்க வேண்டும். அந்நியச் செலாவணியை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பயத்தில் குவித்து வைப்பதும் அப்போதுதான் குறையும். இந்தியாவின் கையிருப்பு 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி பணக்கார நாடுகளின் கடன்பத்திரங்களில் குறைந்த வட்டிக்குக் கிடக்கிறது. வத்திராயிருப்பில் நாங்கள் நகைக்கடனுக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பதை இங்கே எழுதவில்லை.

நான்காம் கோரிக்கை: வாக்கு

நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. அமெரிக்காவிடம் 16.5 இருக்கிறது, ஆகவே அது ஒன்றே போதும் தடுக்க. இந்தியாவிடம் 2.63. 2023 டிசம்பரில் முடிந்த பதினாறாவது பங்கு மறுஆய்வு எல்லோருக்கும் ஒரே வீதத்தில் பங்கை உயர்த்த முடிவெடுத்துவிட்டு, விகிதத்தை அப்படியே விட்டது. அதற்கு இந்தியா கைதூக்கியிருக்கக் கூடாது. அடுத்த மறுஆய்வும் விகிதத்தை அப்படியே விட்டால், அதற்கும் தூக்கக் கூடாது.

ஐந்தாம் கோரிக்கை: பஞ்சுக்கும் மற்ற மூலப்பொருள்களுக்கும் இருப்புக் கிடங்கு

கெயின்ஸின் 1942 வரைவு ஒன்று பலருக்கும் தெரியாது. பருத்தி, கோதுமை, ரப்பர் போன்ற மூலப்பொருள்களுக்கு உலக அளவில் இருப்பு வைத்து, விலை விழும்போது வாங்கி, ஏறும்போது விற்று, ஆட்டத்தைக் குறைக்கும் திட்டம் அது. நிறைவேறவில்லை. இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது என்பதையும் பதிவு செய்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் துணிக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, ஒன்றிய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 விழுக்காடு வரியை நீக்கியது. மில்காரர்கள் நிம்மதியானார்கள், கரிசலில் பருத்தி போட்டவர்கள் வயிறெரிந்தார்கள். இரண்டு பேருமே இந்தச் சாசனத்தில் இருக்கிறோம். விலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் சண்டை தொடரும். ஒரே ஆண்டுக்குள் அது இரட்டிப்பாகவும் பாதியாகவும் ஆகக் கூடாது என்பதில் சண்டை இல்லை.

ஆறாம் கோரிக்கை: ஓடும் பணத்துக்குக் கடிவாளம்

மூலதனம் நாடு விட்டு நாடு பாய்வதைக் கட்டுப்படுத்தும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று நிதியத்தின் ஆறாவது உறுப்பிலேயே எழுதியிருக்கிறது. 1998 செப்டம்பரில் மலேசியா அதைத் துணிந்து செய்து, ரிங்கிட்டை 3.80-இல் நிறுத்தியது. அன்று சாபம் கொடுத்த நிதியம் 2012-இல் சில சூழ்நிலைகளில் அது சரி என்று இறங்கி வந்தது. 2013 போல ஒன்று மறுபடி வந்தால் ரிசர்வ் வங்கி என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

ஏழாம் கோரிக்கை: இலங்கை

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் 22 அன்று, பசி தாங்காமல் அங்கிருந்து சிலர் தனுஷ்கோடி மணல்திட்டுக்குக் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். தமிழ்நாடு அரசு மே மாதம் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. 2023 மார்ச்சில் நிதியம் சுமார் 300 கோடி டாலருக்கு நான்காண்டுத் திட்டம் ஒப்புக்கொண்டது. அதற்கு விலையாக மின்கட்டணம் பலமடங்கு ஏறியது, ஒரு காலத்தில் 8 விழுக்காடாக இருந்த வாட் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. 2019 வரிக்குறைப்பும் 2021 உரத்தடையும் அந்நாட்டு ஆட்சி செய்த தவறுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அந்நாட்டுக் கடன்பத்திரங்களை வாங்கியவர்கள் எவ்வளவு இழந்தார்கள், யாழ்ப்பாணத்தில் பல்பு எரிய வைப்பவர் எவ்வளவு இழந்தார் என்று இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கணக்கு வர வேண்டும்.

நிதியத்தில் இலங்கைக்காகப் பேசும் நாற்காலியும் நம்முடையதே. இலங்கை நிபந்தனைகள் மீதான ஒவ்வொரு மறுஆய்விலும் அந்த நாற்காலி என்ன பேசியது என்பதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பெருங்கடன் நாடுகள்மீது நிதியம் போடும் கூடுதல் வட்டி 2024 நவம்பரில் குறைக்கப்பட்டது. முழுவதும் நீக்கப்பட வேண்டும்.

நடைமுறை

இந்தச் சாசனத்தை உறுப்பினர்கள் இருவரும் மக்களவையில் கேள்வியாக எழுப்ப வேண்டும். நிதியத்தின் கூட்டங்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கின்றன. அடுத்து வரும் கூட்டத்துக்கு முன்பாக, ஏழு கோரிக்கைகளில் எவற்றை இந்தியா முன்வைக்கும், எவற்றை வைக்காது, ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். பதில் தமிழில் இருக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியைப் பதிலாக ஏற்க மாட்டோம். பிளவக்கல் தண்ணீர் மனுவுக்கு அந்த வரி ஏற்கனவே வந்திருக்கிறது.